பாதுகாவலர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து

கச்சேரி என்கிற அரசாங்கச் செயலகத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற போட்டோக் கொப்பிக் கடையில் எனக்குப் பன்னிரண்டு வருட வேலை. கொப்பி அடிப்பது, லமினேற் பண்ணுவது எல்லாம் பெயருக்கு. உண்மையான வேலை படிவம் நிரப்புவது. காணிப் படிவம், அடையாள அட்டைப் படிவம், கடவுச்சீட்டுப் படிவம், பாடசாலை அனுமதிப் படிவம் என்று அரசாங்கம் கேட்கிற எந்தக் கேள்விக்கும் என் மேசையில் பதில் உண்டு. ஈச்சிலம்பற்றிலிருந்து முதல் பஸ் ஏறி வருகிறவர்கள்கூடக் கச்சேரிக்குள் போகுமுன் என்னிடம்தான் வருவார்கள். "தங்கச்சி, இதை ஒருக்காப் பாருங்கோ" என்பார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்கேன் படம் பார்க்கிற டொக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பேன். கழித்த தாள்களைத் தின்ன, எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்கள் வாசலில் வந்து நிற்கும். அவற்றைத் துரத்துவதும் என் வேலைதான்.

இவ்வளவு பெருமையோடு இருந்த நான், சொந்தப் பிள்ளையின் விஷயத்தில் ஒன்பது வருடமாக ஒரு பெரிய பிழையைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

நான் கலியாணம் கட்டவில்லை. மகளின் தகப்பன் நீர்கொழும்புப் பக்கத்துக்காரர். துறைமுகத்தில் பாரந்தூக்கி பொருத்துகிற ஒப்பந்த வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் இங்கே இருந்தார். நன்றாகப் பாடுவார், நன்றாக மீன் பொரிப்பார். இந்த இரண்டையும் கண்டு ஏமாந்துபோனேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. வயிற்றில் நாலு மாதம் என்று சொன்னபோது, "அம்மாகிட்ட கதைச்சிட்டு வாறேன்" என்று பஸ் ஏறினார். அவ்வளவுதான். யாராவது அவரைப் பற்றி விசாரித்தால், "அவர் இன்னும் அம்மாவோட கதைச்சு முடியேல்ல" என்று சொல்வேன். முதல் இரண்டு வருடம் அதைச் சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிறகு எனக்கே சிரிப்பு வரத் தொடங்கிவிட்டது.

பிறப்பைப் பதியப் போனபோது அவர் வந்து கையெழுத்து வைக்காததால், தகப்பன் பெயர் என்ற இடத்தில் பதிவாளர் ஒரு கோடு இழுத்தார். சின்னக் கோடுதான். அதைக் கண்டு நான் பயந்த பயம் கொஞ்சமல்ல. இந்த மனுஷன் ஒருநாள் வந்து, இது என் பிள்ளை என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் என்ன செய்வது? புருஷன் இல்லாதவளுக்குப் பிள்ளையில் அரை உரிமைதான் என்று எவனாவது சட்டம் கதைத்தால்? எல்லாவற்றையும் விட, நான் செத்துப்போனால் இவளுக்கு யார்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நான் கண்டுபிடித்த மருந்து ஞானஸ்நானம்.

எங்கள் பங்கில் எல்லோரும் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு: பெற்றவளுக்கு ஏதும் நடந்தால் ஞானத்தாய்தான் தாய். பாதிரியார் பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்க்கும்போது அதை ஏந்திக்கொண்டு நின்று, கோயில் புத்தகத்தில் கையெழுத்து வைக்கிறவள் அவள். அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் பிள்ளைக்கு ஆள் இருக்கிறது, பிறகு ஒருவராலும் அசைக்க ஏலாது என்று நானும் நம்பினேன். கடையில் என்னோடு வேலை செய்த சிநேகிதியை ஞானத்தாய் ஆக்கினேன். லிங்கநகரில் சொந்த அக்கா இருக்க ஏன் வெளியாளைப் பிடித்தாய் என்று கேட்டவர்களுக்கு, "அக்கா வரமாட்டன் எண்டிட்டா" என்று பதில் சொன்னேன். நான் வயிற்றோடு இருக்கிறேன் என்று தெரிந்த நாள் முதல் அக்கா ஐந்து மாதம் என்னோடு கதைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. பிள்ளை பிறந்தபின் அவள் சரக்குத்தூள் இடித்துக்கொண்டு வந்து, பத்தியக் கறி வைத்துத் தந்து, இரண்டு பேரும் பழையபடி கதைக்கத் தொடங்கியும்கூட, ஞானத்தாய் விஷயத்தில் நான் இறங்கவில்லை. ஞானஸ்நான அத்தாட்சிப்பத்திரத்தைக் கடையிலேயே லமினேற் பண்ணி, அலுமாரியில் நகைக்குப் பக்கத்தில் வைத்தேன். நகை என்றால் ஒரு சோடித் தோடு.

பிள்ளை நடக்கத் தொடங்குமுன் ஞானத்தாய் கனடாவுக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு நத்தார்ப் பெருநாளுக்கும் வீடியோவில் வந்து பனியைக் காட்டுவாள். "என்ர பிள்ளை எப்பிடி இருக்கிறா?" என்று கேட்பாள். மகள் பனியைப் பார்த்து வாயைப் பிளப்பாள். ஆள் எங்கே இருந்தால் என்ன, கையெழுத்து இங்கேதானே இருக்கிறது என்று நானும் நிம்மதியாக இருப்பேன்.

போன வருடம் எனக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். ஒப்பரேஷன் செய்யவேண்டும், மூன்று கிழமைக்குப் பிறகு வந்து படுங்கோ என்றார் டொக்டர். இதை நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதால் முடிவு என்ன ஆயிற்றோ என்று யாரும் பதற வேண்டாம். ஆனால் அப்போது நான் பதறினேன். சின்ன ஒப்பரேஷன்தான் என்று டொக்டர் சொல்லச் சொல்ல, சின்னதென்றால் ஏன் இத்தனை தரம் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம் கூடியது.

மகளிடம் பக்குவமாகச் சொன்னேன். நாலாம் வகுப்பு; அடுத்த வருடம் புலமைப்பரிசில் சோதனை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா, நீங்கள் ஆஸ்பத்திரியில நிக்கேக்க நான் ரியூசனுக்குப் போகாம விடலாமோ?" என்று கேட்டாள்.

"செத்தாலும் போகவேணும்" என்றேன்.

"ஆர் செத்தாலும்?" என்றாள்.

என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்று தகப்பனுக்கும் ஒரு செய்தி போட்டேன். வருடத்தில் ஒருமுறை பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிற ஆள். அதுவும் ஒருநாள் பிந்தித்தான் வரும். இந்தமுறை பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "பயப்பட வேணாம். அம்மாகிட்ட கதைச்சிட்டேன். ஏதாவது நடந்தா பிள்ளைய அம்மா பாத்துக்குவாங்க."

ஒருவழியாக அம்மாவோடு கதைத்து முடித்துவிட்டார்! வேலியில் போன ஓணானை நானே பிடித்து மடியில் விட்டுக்கொண்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அம்மா என் பிள்ளையைப் படத்தில்கூடக் கண்டதில்லை. இறால் சாப்பிட்டால் இவளுக்கு உதடு வீங்கும் என்பது அவவுக்குத் தெரியாது. இடி இடித்தால் இவள் கட்டிலுக்கு அடியில் போவாள், அப்போது வெளியே வா என்று கூப்பிடக்கூடாது, நாமும் உள்ளே போய்ப் படுக்கவேண்டும் என்பதும் தெரியாது. கெட்ட மனுஷி என்று நான் சொல்லவில்லை. என் மகளுக்கு அவ ஆரோ ஒருத்தி. நான் இல்லாமல் போனால் என் பிள்ளை ஆரோ ஒருத்தியின் வீட்டில் போய், இது எடுக்கலாமா, அங்கே இருக்கலாமா என்று கேட்டுக் கேட்டு வளரவேண்டும். அதை நினைக்க நினைக்கப் பித்தப்பையை விட நெஞ்சுதான் வலித்தது.

அடுத்த நாளே லமினேற் பண்ணிய அத்தாட்சியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எங்கள் கடைக்கு வழக்கமாகக் கொப்பி எடுக்க வருகிற சட்டத்தரணியிடம் போனேன். என்னை விட இளையவள், கெட்டிக்காரி. போகும்போதே எனக்குப் பாதி வெற்றி.

"மிஸ், பாதுகாவலர் பிரச்சினை எனக்கு இல்லை. அதுக்கு ஆள் இருக்கிறா. அந்தாள் வந்தா எப்பிடி நிப்பாட்டுறது எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று அத்தாட்சியை மேசையில் வைத்தேன்.

அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன அக்கா?"

"ஞானத்தாயின்ர கையெழுத்து."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழ் உதட்டைக் கடித்து அடக்கினாள். "அக்கா, இது பிள்ளையின்ர ஆத்துமாவுக்கு. பிள்ளை ஆரோட இருக்கிறது, ஆர் படிப்பிக்கிறது எண்டு நீதிபதி கேக்கேக்க இது ஒண்டும் செய்யாது."

எனக்கு முகம் சுட்டது. பிழையை எனக்கு மட்டும் நான் செய்திருந்தால் போகட்டும். அந்தக் கடையில் இருந்து எத்தனை பேருடைய படிவத்தில், "பாதுகாவலரோ? ஞானத்தாயின்ர பேரைச் சொல்லுங்கோ" என்று கேட்டு நிரப்பிக் கொடுத்திருப்பேன். ஒருவரும் திரும்பி வந்து என்னை அடிக்காதது கர்த்தர் கிருபை.

அவள் தேத்தண்ணி வரவழைத்து ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். கலியாணம் கட்டாத தாயின் பிள்ளைக்குச் சட்டப்படி இயற்கைப் பாதுகாவலர் தாய் மட்டும்தானாம். பாதியல்ல, முழுக்க. கடவுச்சீட்டு, பாடசாலை எதற்கும் அந்த மனுஷனின் சம்மதத்துக்காக நான் காத்திருக்கத் தேவையில்லையாம். ஒன்பது வருடமாக அந்தச் சின்னக் கோட்டைப் பார்த்துப் பயந்தவள் நான். அது எனக்குக் காவலுக்குத்தான் நின்றிருக்கிறது. ஒன்பது வருடப் பயம் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்தில் போய்விட்டது. எழும்பி அவளைக் கொஞ்சவேண்டும் போல இருந்தது.

"ஆனா நீங்கள் இல்லாட்டி, ஆரும் வந்து கேக்கலாம்" என்றாள் அவள். "அவரும் கேக்கலாம், அவற்ற அம்மாவும் கேக்கலாம். நீதிபதி பிள்ளைக்கு எது நல்லது எண்டுதான் பாப்பார். எனக்குப் பிறகு இன்னார்தான் எண்டு நீங்கள் மரண சாதனம் எண்டுற உயிலில எழுதி வைச்சா, உங்கட விருப்பம் என்ன எண்டு அவருக்குத் தெரியும். கனடாவில இருக்கிறவாவை விட்டிட்டு, பக்கத்தில இருக்கிற ஒராளை யோசியுங்கோ. ஆளைக் கேட்டுப்போட்டு வாங்கோ. பிள்ளைக்கு வருத்தம் வந்தா ஆர் தூக்கிக்கொண்டு ஓடுறது, பள்ளிக்கூடத்தில ஆற்ற கையெழுத்து, அதுகளின்ர கொப்பியும் எடுத்து வையுங்கோ. ஒருக்கால் தேவைப்படும்."

"பள்ளிக்கூடத்தில என்ர கையெழுத்துத்தான்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

பள்ளிக்கூடத்துக்கு நேரே போனேன். வகுப்பாசிரியை தேர்ச்சி அறிக்கைப் புத்தகத்தை எடுத்து விரித்தார். கடைசி மூன்று தவணையிலும் பெற்றோர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே பாதுகாவலர் என்ற இடத்தில், வட்ட வட்டமான எழுத்தில், முழுப்பெயரும் போட்டு மூன்று கையெழுத்து. அக்காவுடையது.

"அவாதானே கூட்டங்களுக்கும் வாறவா" என்றார் ஆசிரியை. "போனமுறை தண்ணித் தாங்கி கழுவுற சிரமதானத்துக்கும் வந்தவா. நாங்கள் அவாதான் பாதுகாவலர் எண்டு நினைச்சனாங்கள்."

மகளிடம் எனக்கு மூன்று தவணையாகக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "றிப்போட் இன்னும் தரேல்ல அம்மா." கணக்குக்கு முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தாறு. ஊர்ப் படிவங்களில் ஒரு புள்ளி விடுபட்டாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, என் வீட்டுக்கு ஒரு வருடமாக றிப்போட் வரவில்லை என்பது உறைக்கவில்லை.

பின்னேரம் கடை விட்டதும் ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு லிங்கநகருக்குப் போனேன். பள்ளிக்கூடம் விட்டால் மகள் அங்கேதான் போவாள். நான் ஆறு மணிக்குப் போய்க் கூட்டி வருவேன். அன்றைக்கு என் முகத்தைக் கண்டதும் அவள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் பக்கத்து வீட்டுக்குப் பறந்துவிட்டாள். அக்கா குசினியில் பலகைக்கட்டையில் இருந்து சூடைமீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆரைக் கேட்டு நீ என்ர பிள்ளையின்ர றிப்போட்டில கையெழுத்து வைச்சனீ?" என்று கத்தினேன்.

அவள் நிமிரவில்லை. "பிள்ளையைக் கேட்டு."

"பாதுகாவலர் எண்ட இடத்தில வைச்சிருக்கிறாய்!"

"பின்னை எங்க வைக்கிறது? பெற்றோர் எண்ட இடத்தில வைச்சிருந்தா நீ பொலிசோட வந்திருப்பாய்."

"கணக்குக்கு முப்பத்தாறு, அக்கா! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல நீ."

"சொன்னா நீ பிள்ளையை உரிச்சுப்போடுவாய். நான் ஒவ்வொரு நாளும் இருந்து வாய்பாடு சொல்லிக் குடுக்கிறன். ஏழாம் வாய்பாடு இப்ப பிழைக்காமச் சொல்லுவாள், கேட்டுப் பார்."

எரிகிற கோபத்துக்கு இந்த நிதானம் எண்ணெய். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். கடைசியில் பழையதும் வந்தது. "இப்ப பெரிய பாதுகாவலர்! ஞானஸ்நானத்துக்கு வரமாட்டன் எண்டவள்தானே நீ" என்றேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "நீ என்னை எப்ப கேட்டனீ?" என்றாள்.

கேட்ட நாளைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்பது வருடமாக ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அக்கா மறுத்தாள் என்பது எனக்கே நடந்த கதை மாதிரி ஆகியிருந்தது. யோசித்துப் பார்த்தால், எந்த நாளில், எந்த இடத்தில், என்ன சொல்லி மறுத்தாள்? அப்படி ஒரு நாளே இல்லை. மறுப்பாள் என்று நானே தீர்மானித்துவிட்டு, நானே கோபித்துக்கொண்டேன். அவளை நான் கேட்கவே இல்லை.

"அண்டைக்குக் கோயிலுக்கு வந்தனான்" என்றாள் அக்கா. "பின்னுக்கு, தீர்த்தத் தொட்டியடியில நிண்டனான். நீ திரும்பிப் பாத்தனீ. ஒரு கை காட்டுவாய், முன்னுக்குப் போவம் எண்டு நினைச்சன். உன்னோட அஞ்சு மாசம் கதையாம இருந்தது என்ர பிழை. அதை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமத்தான் நிண்டனான்."

நான் அவளைக் கண்டது உண்மை. வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நிலத்தில் அவளுக்கு எதிரே இருந்து ஒரு மூச்சு அழுதேன். மீன் கை என்பதால் அவளுக்கு என்னைத் தொட ஏலவில்லை. முழங்கையால் என் முதுகைத் தடவினாள். அழுதுகொண்டே தகப்பன் அனுப்பிய செய்தியைக் காட்டினேன். சட்டத்தரணி சொன்னதைச் சொன்னேன். பிறகு, இந்தமுறை பிழை விடாமல், வாயைத் திறந்து கேட்டேன். "அக்கா, எனக்கு ஏதும் நடந்தா பிள்ளையை நீ எடுப்பியோ?"

"வாயைக் கழுவு. ஒப்பரேஷனுக்குப் போற நேரத்தில கதைக்கிற கதையோ இது?" என்று ஏசினாள். ஏசிக்கொண்டே கை கழுவினாள். ஏசிக்கொண்டே, சட்டத்தரணியிடம் எத்தனை மணிக்குப் போகவேண்டும், அடையாள அட்டை கொண்டுவர வேண்டுமா என்றும் கேட்டாள். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டிருந்த மகள், சண்டை முடிந்துவிட்டது என்று கண்டு மெல்ல உள்ளே வந்தாள். ஏழாம் வாய்பாட்டைக் கேளாமலே சொல்லத் தொடங்கினாள். ஏழெட்டில் தடுமாறினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அது எனக்கு ஒரு சாதனை.

ஒப்பரேஷனுக்கு நாலு நாள் முந்திப் போனோம். அக்கா பெருநாளுக்குக் கட்டுகிற நீலச் சேலை கட்டி, பவுடர் போட்டு வந்திருந்தாள். சாட்சிக்குச் சட்டத்தரணியின் லிகிதரும், பக்கத்தில் மணிக்கூடு திருத்துகிற கடைக்காரரும் வந்து நின்றார்கள். சட்டத்தரணி எழுதியதை வாசித்தாள். எனக்குப் பிறகு என் மகளின் பாதுகாவலராக என் மூத்த சகோதரியை நியமிக்கிறேன் என்ற இடத்தில் நிறுத்தி, அக்காவைப் பார்த்தாள்.

"சட்டத்துக்கு உங்கட கையெழுத்துத் தேவையில்லை அம்மா. ஆனா நான் கேக்கிறது வழக்கம். பிள்ளையைப் பொறுப்பெடுக்க உங்களுக்குச் சம்மதமோ?"

அக்கா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள்.

"எழும்பத் தேவையில்லை அம்மா, இருந்துகொண்டே சொல்லலாம்."

"இருந்துகொண்டு சொல்லுற விசயமோ இது?" என்றாள் அக்கா. சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். "சம்மதம். முழுச் சம்மதம்."

சம்மதமோ என்று கேட்கிற கேள்வியும், எழும்பி நின்று சொல்கிற பதிலும், இரண்டு சாட்சியும் எங்கள் சனத்துக்குக் கலியாணத்தில்தான் வரும். எனக்கு அது வாய்க்கவில்லை. வாய்க்கவில்லையே என்று நான் பெரிதாகக் கவலைப்பட்டதும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். என் பிள்ளையை வேண்டும் என்று நாலு பேருக்கு முன்னால் ஒருவர் எழும்பி நின்று சொல்வதை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். கையெழுத்து வைக்கப் போனால் கண் முழுக்கத் தண்ணீர். எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்று சட்டத்தரணி விரலால் தொட்டுக் காட்டினாள்.